நேரம் பார்க்கிறவர் பேச மாட்டார்

எங்கள் பேச்சு மன்றத்துக்கு நான் தலைவரானதற்கு ஒரே காரணம், தேர்தல் நடந்த அன்று நான் போகவில்லை. பெரம்பூரில் சித்தி பேத்திக்கு ஞானஸ்நானம். பந்தியில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது புடவை மடியில் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், 'வாழ்த்துகள் தலைவர் அவர்களே' என்று வரிசையாக எட்டு பேர். மன்றத்தில் மொத்தமே என்னோடு சேர்த்து ஒன்பது பேர்தான். எட்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் யார் முகம் அங்கே இல்லையோ அவர் தலையில் வைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. பிரியாணியில் உப்பு கொஞ்சம் கம்மி. அதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

மன்றம் கூடுவது ராயபுரத்தில், எங்கள் மாதா கோயில் வளாகத்தின் மறைக்கல்வி வகுப்பறையில். ஞாயிறு காலை பிள்ளைகள் வகுப்பு முடிந்து கிளம்பியதும் பதினொரு மணிக்கு நாங்கள் நுழைவோம். பெஞ்சுகள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் அளவு. பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வரும். எவ்வளவு கம்பீரமாகப் பேசிவிட்டு வந்தாலும் அந்த பெஞ்சில் போய் உட்காரும்போது கம்பீரம் எல்லாம் மடங்கிவிடும். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பேச்சின் உருக்கமான இடம் பார்த்து ஒருவன் ஹாரன் அடிப்பான்.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். கப்பலில் சரக்கு வந்து இறங்குவதற்கான காகிதங்களை எல்லாம் தயார் செய்யும் வேலை. பதினாறு வருஷமாகக் காகிதத்தோடுதான் பேச்சு. ஒருமுறை, என்னோடு வேலை பார்த்தவர் ஓய்வு பெறும்போது, முதலாளி என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார். எழுந்து நின்று, 'என்னை வாழ்த்த வந்த எல்லாருக்கும் நன்றி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஓய்வு பெற்றவர் சால்வையோடு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த மாதமே மன்றத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து, லாரி வரிசையைப் பற்றி ஏழு நிமிஷம் பேசினேன். யாரும் எழுந்து போகவில்லை. இரண்டு இடத்தில் சிரித்தார்கள், அதுவும் அவர்கள் சிரிக்க வேண்டும் என்று நான் நினைத்த இடத்தில். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது என் செருப்புச் சத்தம்கூட எனக்கு நன்றாக இருந்தது.

ஒரு மருந்து நமக்குக் கேட்டுவிட்டால் தெருவில் போகிறவர் வாயில் எல்லாம் ஊற்றப் பார்ப்போம் இல்லையா, தலைவரானதும் நான் அப்படி ஆகிவிட்டேன்.

முதல் வேலையாக, தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் ஊக்க வாசகம் போட ஆரம்பித்தேன். சூரியன் உதிக்கும் படத்தோடு. எங்கள் மன்றத்தில் ஓய்வு பெற்ற சரக்கு ரயில் கார்டு ஒருவர் இருக்கிறார். கார்டு சார் என்போம். அவர் மட்டும் தினமும் பதில் போடுவார். 'முயற்ச்சி தவறு. முயற்சி சரி.' அவ்வளவுதான் பதில். மற்ற ஏழு பேரும் இரண்டாவது வாரமே குழுவை சத்தமில்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

அடுத்து நட்சத்திரம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒட்டும் பளபளப்பான நட்சத்திரங்கள் அலமாரியில் இருந்தன. ஒரு அட்டையில் எல்லோர் பெயரையும் எழுதி, பேசினவர்களுக்கு ஆளுக்கு ஒன்று ஒட்டினேன். இது எதிர்பாராத விதமாக வேலை செய்தது. நெட்டுக்குப்பத்தில் இருந்து ஒரு அக்கா வருவார். மீன் ஏலம் விடுகிறவர். அவர் குரலுக்கு மைக் வைத்தால் மைக்குக்குத்தான் அவமானம். அந்த அக்கா, கார்டு சாருக்கு நான் தங்க நிறமும் தனக்கு வெள்ளி நிறமும் ஒட்டிவிட்டதாகச் சொல்லி, நடுக் கூட்டத்தில் எழுந்து விளக்கம் கேட்டார். தங்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். 'அப்போ அவர்துல இருந்து பிச்சி எனக்கு ஒட்டு' என்றார். அட்டையைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் நட்சத்திரமே இல்லை. அதுதான் பாய்.

பாய்க்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் தார்பாய்க் கடை. தார்பாய், கயிறு, லாரிக்குக் கட்டும் வலை. மன்றத்தில் அவருக்குத் தார்பாய் பாய் என்றே பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர். கோயில் வாசலில் உள்ள டீக்கடையில் அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும், யாரும் குடிக்க மாட்டார்கள். அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்போம். ஆனால் மேடை என்று எட்டு அங்குல உயரத்தில் ஒரு பலகை இருக்கிறது பாருங்கள், அதில் ஏறச் சொன்னால் மனிதர் கல். ஒருமுறை அவர்கள் வியாபாரிகள் சங்கத்தில் நன்றி சொல்லச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்களாம். 'வணக்கம்' என்று சொல்லி, மைக்கைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள்தான் அவரைக் கொண்டுவந்து எங்களிடம் சேர்த்துவிட்டாள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது போல.

சேர்ந்து பதினோரு மாதம். ஒரு ஞாயிறு தவறியதில்லை. நாற்காலி போடுவார், சமோசா வாங்கி வருவார், பேசுகிறவர்களுக்குத் தண்ணீர் வைப்பார். பேச மட்டும் மாட்டார். முதல் பேச்சு என்பது தன்னை அறிமுகம் செய்துகொள்வதுதான். 'என்னைப் பத்தி இன்னா கீது சொல்றதுக்கு' என்று நழுவிவிடுவார்.

நான் விடவில்லை. தலைப்பு கொடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். கார்டு சாரைத் துணைக்குப் போட்டேன். கார்டு சார் அவருக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, கடைசியில் ரயில் எப்படிப் பின்னோக்கி நகரும் என்பதை பாய் தெளிவாகக் கற்றுக்கொண்டார். பேச்சு வரவில்லை. தோற்றுப் போய், சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு ஞாயிறு அவரை நேரம் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் கூட்டங்களில் நேரம் பார்ப்பவர் என்று ஒருவர் உண்டு. ஏழு நிமிஷப் பேச்சு என்றால், ஐந்தாவது நிமிஷம் பச்சை காட்டுவார், ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. சிவப்பு காட்டினால் முடித்துக்கொண்டு இறங்க வேண்டும். கூட்டக் கடைசியில் யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று படிக்க வேண்டும். வெறும் எண்கள்தான். பாய் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் அட்டைக்குப் பதில் கடையில் இருந்து மூன்று நிறத் தார்பாய்த் துண்டுகளைக் குச்சியில் கட்டி, கொடிகளாகக் கொண்டுவந்தார்.

கொடியைப் பார்த்ததும் கார்டு சாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த ரயில்வே விழித்துக்கொண்டது.

"பச்சைன்னா போன்னு அர்த்தம். முப்பத்தி நாலு வருஷம் காட்டியிருக்கேன். இங்க பச்சை காட்டினா, முடிக்கப் பாருங்கறீங்க. இது எந்த ஊர் நியாயம்?"

"இந்த ஊருல அப்டித்தான் சார்," என்றார் பாய். "இங்க யாரும் தானா நிக்க மாட்டேன்றாங்க. முன்னாடியே சொல்லிவெக்கணும்."

முதல் இரண்டு வாரம் எண்களை மட்டும் படித்தார். மூன்றாவது வாரம் எழுந்து நின்று, பெஞ்சு பக்கத்திலேயே, துண்டுச் சீட்டைப் பார்த்துச் சொன்னார்: "மொதல் பேச்சு ஆறு நிமிசம் ரெண்டு செகண்டு. அதுல நாப்பது செகண்டு லாரி ஹாரன். அத்த அந்தப் புள்ள கணக்குல சேக்கக் கூடாது." யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நியாயம் சொன்னதாக நினைத்து உட்கார்ந்தார்.

அதற்கடுத்த வாரம் கார்டு சார் 'காலம் தவறாமை' என்ற தலைப்பில் பேசினார். அவருடைய எல்லாப் பேச்சும் எந்த ஊரில் கிளம்பினாலும் காலம் தவறாமையில்தான் வந்து நிற்கும். பாய் எழுந்தார். "கார்டு சார் ஏழு நிமிசம் இருபது செகண்டு. மூணாவது நிமிசத்துல பேச்சு ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு. மிச்ச நாலு நிமிசம் சும்மா முன்னாடி பின்னாடி ஷண்டிங்ல கீது."

அறை குலுங்கியது. நெட்டுக்குப்பத்து அக்கா பெஞ்சில் இருந்து சரிந்து, எழ முடியாமல் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். கார்டு சார் முகம் சிவந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு உறுப்பினர் போச்சு என்று நினைத்தேன். ஆனால் அடுத்த முறை கார்டு சார் ஐந்தே நிமிஷத்தில் பேசி முடித்தார். மன்றத்தில் அவருடைய ஆறு வருஷத்தில் முதல் தடவை. இறங்கும்போது பாயைத்தான் பார்த்தார். பாய் எழுந்து, "கார்டு சார் அஞ்சு நிமிசம் ஒரு செகண்டு. வண்டி ரைட் டைம்" என்றார். அன்றைக்குத் தட்டிய கைதட்டல் லாரி ஹாரனையே அமுக்கிவிட்டது.

நான் ஊட்டிய மருந்தில் எல்லாம் நடக்காதது, ஒரு துண்டுச் சீட்டில் நடந்தது. பாயின் அறிக்கையைக் கேட்கவென்றே ஆட்கள் வந்தார்கள். நடுவில் நின்றுபோன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அக்கா தன் தெருவில் இருந்து இரண்டு பெண்களைக் கூட்டி வந்தார். பதினாறு பேர் ஆனோம். பெஞ்சு போதாமல் ஜன்னல் திண்டில் உட்கார்ந்தார்கள். அறிக்கை அரை நிமிஷத்தில் இருந்து ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, ஒரு ஞாயிறு இரண்டரை நிமிஷத்தைத் தாண்டியது.

அந்த ஞாயிறுதான் நான் கெடுத்தேன்.

அவர் உட்காரப் போனார். நான் துள்ளி எழுந்து, "நில்லுங்க பாய்" என்றேன். "எல்லாரும் கவனிங்க. பாய் இப்ப பேசினது ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். நான் என் போன்ல பார்த்துகிட்டே இருந்தேன். பேசவே மாட்டேன்னவர் மாசக்கணக்கா நம்மகிட்ட பேசிகிட்டு இருக்கார். இதுதான் அவரோட முதல் பேச்சு." எல்லோரையும் எழுந்து நின்று கை தட்ட வைத்தேன். அதோடு நிறுத்தினேனா என்றால் இல்லை. அலமாரிக்குப் பின்னால் இருந்த அட்டையை எடுத்து, எங்கேயோ தேடி ஒரு தங்க நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து ஒட்டினேன்.

பாய் கை தட்டுகிற எங்களை எல்லாம் சுற்றிப் பார்த்தார். தூங்கி எழுந்தவர், தான் தூங்கியதைப் பத்து பேர் வீடியோ எடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் ஒரு முகம் வருமே, அந்த முகம். கொடிகளைச் சுருட்டி பெஞ்சு மேல் வைத்துவிட்டு, சமோசா பையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால், "கடையில வேலைமா, மழை சீசன்" என்றார். கார்டு சார் நேரம் பார்த்தார். வினாடிகளை மூன்று முறை திருப்பிப் படித்தார். ஜன்னல் திண்டு காலியானது.

"இன்னாத்துக்கு அந்த மனுசனை அப்டி நடுவுல நிக்க வெச்சே?" என்று அக்கா என்னிடம் கேட்டார். "மீனு தானா வலைக்கு வந்துகினு இருந்துச்சு. நீ தண்ணிய கலக்கி வுட்டே."

பாராட்டத்தானே செய்தேன் என்று இரண்டு நாள் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் அரை நாள் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.

வானம் கருத்திருந்தது. கடையில் பொய்யில்லாமல் கூட்டம். பாய் ஒரு டிரெய்லர் டிரைவருக்குத் தார்பாய் காட்டிக்கொண்டிருந்தார். "இத்த போட்டுக் கட்டினீன்னா, மழைக்கே சந்தேகம் வந்துடும் நைனா, நாம பெய்யறமா இல்லியான்னு" என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். திரும்பினவர் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க பாய்," என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த மூன்று நிமிஷ விளக்கம் ஒன்று இருந்தது. அது வரவில்லை.

அவர் ஒரு கயிற்றை எடுத்து, கம்பியில் சுற்றி, ஒரு இழுப்பில் முடிச்சுப் போட்டார். லாரியில் சரக்கு கட்டும் முடிச்சு. "பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எப்டி போட்டேன்?"

"தெரியலை. வேகமா போட்டுட்டீங்க. மெதுவா போடுங்க."

மெதுவாகப் போட ஆரம்பித்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நின்றார். கயிற்றை இந்தப் பக்கம் கொண்டுவந்தார், அந்தப் பக்கம் கொண்டுபோனார். முடிச்சு விழவில்லை. திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார். அப்போதும் இல்லை. எனக்குக் காட்டுவதற்காக மறந்தது போல நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை, உண்மையாகவே மறந்துவிட்டது. இரண்டு பேரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அப்புறம் அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு எனக்கு.

"முப்பது வருசமா போடுறேன்மா. நீங்க பார்க்கறீங்கன்னு தெரிஞ்சதும் கை பேஜார் பண்ணுது பாருங்க. அன்னிக்கும் அதான். நான் பேசிகினு இருந்தேன்னு எனக்கே தெரியாது. நீங்க தெரிய வெச்சுட்டீங்க."

"இனிமே உங்களைப் பேசச் சொல்ல மாட்டேன் பாய்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அந்த ஸ்டாரு?"

"அன்னிக்கே பிச்சிட்டேன்."

ஞாயிறு வந்தார். நான் அவர் பக்கமே பார்க்காமல் இருக்கப் பழகினேன். அறிக்கை படிக்கும்போது ஏதோ காகிதத்தைத் தேடுவது போல பைக்குள் தலையை விட்டுக்கொள்வேன். சிரிப்பு வந்தால் பைக்குள்ளேயே சிரிப்பேன்.

அப்போதுதான் எங்கள் வட்டார அதிகாரி வந்தார். எங்கள் மன்றத்தைப் போன்ற பல மன்றங்களுக்கு மேலே ஒரு அமைப்பு உண்டு. அதில் பொறுப்பில் இருப்பவர், நகரத்தின் தெற்கே இருந்து வந்தார். 'உறுப்பினர்களை ஊக்குவிப்பது எப்படி' என்று பதினைந்து நிமிஷம் பேசுவதாக ஏற்பாடு. லேப்டாப் கொண்டுவந்திருந்தார். சுவரில், நோவாவின் பேழை படத்துக்கு மேல், அம்புக்குறிகள் விழுந்தன. பதிமூன்றாவது நிமிஷம் பாய் பச்சை காட்டினார். பதினான்கில் மஞ்சள். பதினைந்தில் சிவப்பு. அதிகாரி நிற்கவில்லை. இருபதாவது நிமிஷம் பாய் எழுந்து நின்று காட்டினார். இருபத்தைந்தில் பெஞ்சு மேல் ஏறினார். கார்டு சார் எனக்குக் கேட்கும்படி, "சிவப்புக்கு நிக்காத வண்டியை என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை" என்று முனகினார்.

பேச்சு ஒருவழியாக முடிந்தது. பாய் சீட்டோடு எழுந்தார். இன்றைக்கு எண்ணை மட்டும் படிக்கட்டும் என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"சிறப்பு விருந்தினர் சாருக்குக் குடுத்தது பதினஞ்சு நிமிசம். எடுத்துக்கினது முப்பத்தெட்டு. பச்சை காட்டினேன், சார் என்னைப் பார்த்து சிரிச்சாரு. மஞ்சள் காட்டினேன், தலையாட்டினாரு. சிவப்பு காட்டினேன், பதிலுக்கு டாட்டா காட்டினாரு. ரொம்ப மரியாதை தெரிஞ்சவரு. நன்றி."

எனக்கு அந்தச் சின்ன பெஞ்சுக்கு அடியில் நுழைந்துகொள்ளலாம் போல இருந்தது, நுழையவும் முடியாது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். "நான் அதை உற்சாகம்னு நினைச்சுட்டேங்க" என்றார்.

டீ குடிக்கும்போது என் பதிவேட்டைப் புரட்டினார். "இவர் சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு, முதல் பேச்சே பேசலையே. நீங்க இவரை ஊக்கப்படுத்தணும்."

நாக்கு நுனி வரை பெரிய பதில் வந்தது. "அவருக்கு நேரம் பார்க்கறதுதான் பிடிச்சிருக்கு சார்," என்று மட்டும் சொன்னேன். தலைவராக நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போகும்போது அதிகாரி பாயை அழைத்து, தெற்கே நடக்கப் போகும் பெரிய பேச்சுப் போட்டிக்கு நேரம் பார்க்க வர முடியுமா என்று கேட்டார். பாய்க்கு முகம் கொள்ளாத பெருமை. புதுத் தார்பாயில் கொடிகள் தைத்துக்கொண்டார். நானும் துணைக்குப் போனேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம்.

குளிரூட்டிய அரங்கம். அங்கே போனதும் ஒரு பெண் வந்து கொடிகளை வாங்கி ஓரமாக வைத்தாள். மேஜை மேல் மூன்று விளக்குகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் போதும். நேரத்தைச் சீட்டில் எழுதி, மடித்து, நடுவரிடம் கொடுக்க வேண்டும். "நேரம் பார்க்கிறவர் பேசக் கூடாதுங்க ஐயா. ஒரு வார்த்தைகூட," என்றாள் மரியாதையாக.

காலை ஒன்பது முதல் சாயங்காலம் ஐந்து வரை பாய் பொத்தானை அழுத்தினார். இருபத்திரண்டு பேர் பேசினார்கள். மலை ஏறியவர்கள், விழுந்து எழுந்தவர்கள், மேடையிலேயே கண் கலங்கிக் காட்டியவர்கள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து பாயின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் அவர் தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு பேச்சு முடிந்ததும் வாயைத் திறப்பார், சீட்டை மடிப்பார், வாயை மூடுவார்.

திரும்பும்போது மெட்ரோவில் கொடிகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். சென்ட்ரல் தாண்டியது. அங்கே ஆரம்பித்தார்.

"அந்த மூணாவது வந்த தம்பி ரெண்டு தபா அழுதாரும்மா. மொத அழுகை சரியா நாலாவது நிமிசம். ரெண்டாவது அழுகை மஞ்சள் லைட்டுக்கு. லைட்ட நிறுத்தி வெச்சா அழுகை நிக்குதான்னு பார்க்க எனக்கு ஆசை." அடுத்து ஏழாவது ஆள். அடுத்து பத்தாவது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் சிரிக்க ஆரம்பித்தது. ஒருவர் காதில் இருந்த இயர்போனைக் கழற்றினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுரங்கத்தில் ஜன்னலில் பார்க்க ஒன்றுமே இல்லை.

மண்ணடி வந்ததும் திடீரென்று நிறுத்தி, "ஏம்மா, ஏழு நிமிசம் பேசணும்னா எத்தினி பக்கம் எழுதணும்?" என்றார்.

நான் ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. "தெரியலை பாய்," என்றேன்.

"தலைவரு நீங்க. தெரியலைன்றீங்க?"

"சத்தியம் பண்ணியிருக்கேனே."

"நீங்க கேக்கக் கூடாதுன்னுதான் சத்தியம். நான் கேக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? நாள் பூரா லைட்டப் போட்டுகினு குந்தினு இருந்தேன். நீ இன்னா நெனைக்கிறேன்னு ஒருத்தர் கேக்கல. வாயெல்லாம் நமநமன்னுது. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு ஏழு நிமிசம் போடுங்க."

போட்டேன். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று நேரம் பார்க்க அக்காவை உட்கார வைத்தேன். பாயின் மகள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாய் பலகை மேல் ஏறினார். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் சட்டைப் பையில் ஒன்றை வைத்தார்.

தன்னைப் பற்றிச் சொல்லவில்லை. ஒரு பெருமழை வருஷத்தைப் பற்றிச் சொன்னார். கொடுங்கையூர் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா வந்து, கூரைக்கு மேல் போட ஒரு தார்பாய் வாங்கிப் போனாராம். குப்பை வண்டியில் வேலை செய்கிறவர். மழை விட்டுப் பத்து நாள் கழித்து அதே தார்பாயைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கழுவி, காயவைத்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து. ஏதோ கிழிசல், சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பாய் தயாரானார். அந்த அம்மா, "எனக்கு மழை நின்னுடுச்சு. வேற யாருக்காவது ஒழுகினா குடுத்துடு" என்று சொல்லி மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"ஒரு தரம்," என்றார் அக்கா. பச்சைக் கொடியைத் தூக்கும்போது ஏலம் விடும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. "என் கடையில அவ்ளோ சோக்கா மடிச்ச தார்பாய் வேற ஒண்ணு கெடையாது," என்றார். அங்கே நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவில்லை. உதட்டை ஈரப்படுத்தினார். கூரையைப் பார்த்தார். வெளியே அதிசயமாக ஒரு லாரியும் ஹாரன் அடிக்கவில்லை. கார்டு சார் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். நான் அவரை முறைத்தேன். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாக எழுந்து ஏதாவது செய்திருக்கும்.

அரை நிமிஷம் இருக்கும். பாய் எங்களைப் பார்த்தார். "அவ்ளோதான். அப்பால அந்தக் கதையில ஒண்ணும் இல்லை," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கை தட்ட யாரையும் நான் தூண்டவில்லை. முதலில் தட்டியது கார்டு சார்.

சிறந்த பேச்சாளருக்கு வழக்கம் போலச் சீட்டுப் போட்டோம். கார்டு சாருக்கு ஒரு ஓட்டு அதிகம். பாய் என் காதருகே வந்து, "எனக்கு நானே போட்டுக்கலாமா? தெரியாம கார்டு சாருக்குப் போட்டுட்டேன்" என்றார். போடலாம்தான் என்றேன். கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தார்.

அவருடைய மகள் பெஞ்சுகளை நகர்த்த எனக்கு உதவினாள். "வீட்ல இந்தக் கதை முக்கால் மணி நேரம் ஓடும் ஆன்ட்டி. அந்தம்மா தார்பாயை வெச்சிட்டுப் போனதுக்கு அப்புறம் நாங்க எப்படி வாழணும்னு எங்களுக்கு ஒரு பாடம் வேற நடக்கும். இங்க மட்டும் எப்படி நிறுத்தினார்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது என்றேன். அவருக்கு மறந்து போனதால்தான் என்று சொல்லியிருக்கலாம். அப்படித்தானா என்றும் எனக்கு நிச்சயமில்லை.

பாய் எட்ட நின்று இதைக் கேட்டும் கேட்காதது போல, காலி சமோசாத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்தார்.

"என் அடுத்த பேச்சு எப்போமா?"

பட்டியலைப் பார்த்தேன். இப்போது எங்களிடம் பட்டியல் நீளம். "அடுத்த மாசம் மூணாவது ஞாயிறு பாய்."

"அடுத்த மாசமா," என்றார். மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது வரைக்கும் நான் இன்னா பண்றது?"